ஒரு படிதான் அண்ணாச்சி!

வாங்க மருமகப்பிள்ளை, வாங்க. என்ன, மூஞ்சி வெயில்ல காஞ்ச சுண்டவத்தல் மாதிரி சுருங்கிக் கெடக்கு? உக்காரு. பையைக் கீழ வை. பால் பாக்கெட்டை மட்டும் அத்தைகிட்டக் குடுத்துரு, ஃப்ரிட்ஜில வைக்கட்டும். நீ கையில வச்சிருந்தா காய்ச்ச வேண்டியதே இல்லை. நீ கொதிக்கிற கொதிக்கு அதுவே பொங்கிரும்.

நடந்ததை நீ சொல்ல வேண்டாம், நானே சொல்லிர்றேன். பைபாஸ் ரோட்டுப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டு. பத்துச் சாமானுக்குள்ள வாங்குறவுகளுக்குன்னு தனியா ஒரு கவுண்டர். உனக்கு முன்னால ஒருத்தரு, கட்டம் போட்ட சட்டை, கூடை நிறையச் சாமான், மாசி வீதி முக்குல தேர் நின்ன மாதிரி நிக்காரு. நீ கண்ணாலயே எண்ணிட்டே. பதினாலு. "சார், இது பத்துக்குள்ள"ன்னே. அவரு, "நீங்க என்ன கடைக்கு ஓனரா?"ன்னாரு. அதுக்குப் பெறகு பேச்சு சாமானை விட்டுட்டு வளப்புக்குத் தாவிருச்சு. ரெண்டு பேரு அப்பனாத்தாளும் வீட்ல இருந்தபடிக்கே கடைக்கு வந்துட்டுப் போனாக. சரிதானா? எப்பிடித் தெரியும்னு கேக்காதே. அது பின்னால வரும்.

இப்ப மாமன்கிட்ட யோசனை கேக்க வந்திருக்கே. சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கே. முப்பத்தஞ்சு வருசம் மாவு மில்லு ஓட்டினவன்லா நான். கோவில்பட்டிப் பக்கம் சுத்துப்பட்டு ஏழு ஊருக்கும் எங்க மில்லுதான். தீவாளிக்கு முந்தின வாரம் வந்து பாத்திருக்கணும். முறுக்குக்கு அரிசி, அதிரசத்துக்கு ஈர அரிசி, காராச்சேவுக்குக் கடலைப்பருப்புன்னு டின்னும் தூக்குவாளியும் போசியும் மில்லு வாசல்ல ஆரம்பிச்சு வேப்பமரம் தாண்டி நிக்கும். ஆளு நிக்காது, டின்னுதான் நிக்கும். ஆளெல்லாம் மர நெழல்ல ஊர்க்கதை பேசும். டின்னு நிக்கிற வரிசையில ஒரு சொகம் என்னன்னா, டின்னு வாய் பேசாது. தண்ணிக் குழாயில ஓட்டைக் குடம், ரேசன் கடையில பிஞ்ச செருப்பு, இதெல்லாம் உங்கப்பன் காலத்துலயே ஆளுக்குப் பதிலா வரிசையில நின்னு பழகுன சாமானுக. மரியாதையா நிக்கும். செருப்புக்கு இருக்க பொறுமை அதைப் போட்டவனுக்கு இருக்காது.

அந்த மில்லுக்கு மேலத்தெருவுல இருந்து ஒருத்தரு வருவாரு. பேரு வேண்டாம், அவரு பேரன் இப்ப நம்ம சொந்தத்துல பொண்ணு கேட்டுக்கிட்டிருக்கான். கையில சின்னத் தூக்குவாளி. "ஒரு படிதான் அண்ணாச்சி, பொம்பளை அடுப்பைப் பத்தவச்சிட்டு உக்காந்திருக்கா, விட்டுருங்க"ம்பாரு. ஒரு படிக்கு என்ன நேரம் ஆகப்போகுதுன்னு வரிசையும் விட்டுரும். அந்த ஒரு படி தொட்டியில விழுந்ததுதான் தாமசம், வேப்பமரத்துக்குப் பின்னால இருந்து அவரு வீட்டம்மா ஒரு டின்னோட வருவாக. அவுக பின்னால மூத்த பயல் கோதுமைப் பையோட வருவான். கடைசியில பாத்தா, ஒரு படிக்கு வாலு ஒரு மூட்டை நீளம்.

மூணு தீவாளி பொறுத்தேன். நாலாவது தீவாளிக்கு அவரு வந்து வாயைத் தெறக்க முந்தியே நான் முந்திக்கிட்டேன். "வாங்க வாங்க, நீங்கதான் முதல்ல. அடுப்பு எரியுமே! தட்டுங்க தொட்டியில. இப்பத்தான் நாலு கிலோ மிளகா ஓடி முடிஞ்சிருக்கு, கல்லைக்கூட இன்னும் கழுவலை. ஒரு படிதானே, உங்களுக்குப் பரவால்லைல்ல?"

உனக்குத் தெரியாது, நீ பாக்கெட்டு மாவுல வளந்தவன். மிளகா ஓடுன கல்லுல அடுத்தாப்ல அரிசியைப் போட்டா, அந்த மாவுல சுட்ட முறுக்கைத் தின்ன பிள்ளை தண்ணிப் பானையைத் தேடி ஊரைச் சுத்தும். அதனால மிளகா ஓடிச்சுன்னா பின்னால கொஞ்சம் நொய்யோ பழைய கம்போ போட்டுக் கல்லைக் கழுவி எடுக்கணும். அம்புட்டு நேரமும் யாருக்கும் அரைக்க முடியாது. மனுசன் தூக்குவாளியும் கையுமா முழிக்காரு. பொம்பளைக சிரிப்பை முந்தானைக்குள்ள ஒளிக்காக. பைய நடந்து போயி வாளியை வரிசைக் கடைசியில வச்சாரு. நான் அவரைப் போகச் சொன்னேனா? முதல்ல வாங்கன்னுதானே சொன்னேன்?

நெசமாவே மிளகா ஓடிச்சான்னா கேக்கே? நெடி இல்லாம மிளகா ஓடுமான்னு அவரு ஒரு நிமிசம் மூக்கை உறிஞ்சிப் பாத்திருந்தா தப்பிச்சிருப்பாரு. அவசரக்காரனுக்கு மூக்கு வேலை செய்யாது, மருமகனே.

உன் சூப்பர் மார்க்கெட்டுல மிளகா மிசின் கெடையாது, அதான் கஷ்டம். அங்க வேற வித்தை வேணும். வித்தைக்கு முந்தி, அங்க எதுக்கு வரிசை வந்துச்சுன்னு தெரியணும்ல? என் பேத்தி செல்லுல வாசிச்சுச் சொன்னா. 1916-ல, அமெரிக்காவுல மெம்ஃபிஸ் பட்டணத்துல கிளாரன்ஸ் சாண்டர்ஸ்னு ஒருத்தரு, 'பிக்லி விக்லி'ன்னு வாய்ல வராத பேர்ல ஒரு கடை போட்டாராம். சாமானை நீயே எடுத்துக்கோ, கடைசியில வந்து காசைக் குடுன்னுட்டாரு. அதுவரைக்கும் அங்கயும் நம்ம ஊரு மாதிரித்தான். சிட்டையை நீட்டணும், கடைக்காரப் பையன் எடுத்துக் குடுக்கணும்.

அந்தப் பழைய கடையில வரிசைன்னு ஒண்ணு இருந்துச்சா? நம்ம முக்குக் கடை அண்ணாச்சியை நெனச்சுப் பாரு. ஒரே நேரத்துல இருபது பேரு கத்துவோம். அவரு யாரையும் ஏறிட்டுப் பாக்க மாட்டாரு. ஆனா கை பாட்டுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு முதல்ல பென்சில் குடுக்கும். ரோட்டுல பஸ்ஸு ஹாரன் கேட்டா வெத்தலை கேட்டவருக்குத் திரும்பும். கைப்பிள்ளைக்காரி நின்னா அவளுக்கு நாட்டுச் சக்கரை. மாசச் சாமான் சிட்டையோட வந்த பெரிய மனுசரு பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிக்கட்டும், அவருக்கு என்ன அவசரம்? அந்த எக்ஸ்பிரஸ் கவுண்டரு அண்ணாச்சி மண்டைக்குள்ள இருந்துச்சு. சாமானை எடுக்குற சோலி நம்ம கைக்கு வந்தவொடனே அண்ணாச்சி மண்டை தேவையில்லாமப் போச்சு. இருநூறு பேரு உள்ள கண்டபடி மேயலாம். வெளிய போற வாசலு மட்டும் நாலு. ஆடு மேய்ச்சவனைக் கேளு, மந்தையில சண்டை எங்க வரும்னு. மேய்ச்சல்ல வராது, பட்டி வாசல்லதான் வரும். பாத்தான், அண்ணாச்சி மண்டைக்குள்ள இருந்ததை ஒரு போர்டுல எழுதித் தொங்கவிட்டுட்டான்.

போர்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. சீமையில டெஸ்கோன்னு பெரிய கடை இருக்குல்ல, அங்கயும் இந்தக் கவுண்டரு உண்டு. அங்க என்ன தகராறுங்கே? 'பத்துச் சாமானோ அதுக்குக் கொறைவோ'ன்னு இங்கிலீசுல எழுதினதுல 'லெஸ்' வரணுமா 'ஃபியூவர்' வரணுமான்னு இலக்கணச் சண்டை. எண்ணக்கூடிய சாமானுக்கு 'லெஸ்' போடலாமான்னு வாத்தியாருகளுக்கெல்லாம் தூக்கம் போயிருக்கு. தாங்க முடியாம 2008-ல போர்டையே மாத்தி, 'பத்துச் சாமான் வரை'ன்னு எழுதிட்டான். போர்டுல இருந்த தப்பைத் திருத்திட்டாக. போர்டுக்குக் கீழ பதினஞ்சு சாமானோட நின்னவனைத் திருத்த இலக்கணம் ஏது?

சரி, பத்து பத்துங்கியே, பத்துன்னா என்ன? நான் கேக்கேன், நீ இஞ்சினியரு, சொல்லு. சாம்பு பாக்கெட்டு பதினாறு சேந்தாப்ல ஒரே சரமாத் தொங்குது. அது ஒண்ணா பதினாறா? நாலு சோப்புக்கு ஒண்ணு இனாம்னு கட்டி வச்சிருக்கான். இனாம் கணக்குல சேருமா? பால் பாக்கெட்டு மூணு, ஒரே ரகம். மிசின்ல ஒண்ணை மூணு தடவை காட்டிட்டுப் போயிருவா அந்தப் பிள்ளை. உன் கண்ணுக்கு மூணு, அவ கைக்கு ஒண்ணு. கட்டம்போட்ட சட்டைக்காரரு பதினாலுல அஞ்சு ஒரே பிஸ்கோத்து. எண்ணிப் பாத்தியா? நீ தலையை எண்ணினே, அவரு குடும்பத்தை எண்ணியிருக்காரு. ரெண்டும் கணக்குதான்.

இன்னொரு ஜோடி உண்டு. இருபது சாமான் வாங்கியிருக்கும். கவுண்டரைப் பாத்ததும் புருசன் பத்து, பொண்டாட்டி பத்துன்னு பாகம் பிரிச்சுக்கிட்டு முன்னும் பின்னுமா நிக்கும். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மாதிரி வேற முகத்தை வச்சுக்கும். அவுகளை ஒண்ணும் சொல்லாதே. நெசமாப் பாகம் பிரிக்கிற அன்னைக்குக்கூட இம்புட்டுச் சரிசமமாப் பிரிச்சிருக்க மாட்டாக. நான் ஒரு தடவை அந்தப் பொம்பளைப் பிள்ளைகிட்ட, "ஏத்தா, முன்னால நிக்கிறவரு பாக்க நல்ல மனுசரா இருக்காரு, அவருக்குப் பொண்ணு கிண்ணு பாத்தாச்சா?"ன்னு கேட்டேன். சிரிப்பை அடக்க முடியாம ரெண்டு கூடையையும் ஒண்ணாக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போயிருச்சுக. போகும்போது அந்தப் பய என்னை ஒரு பார்வை பாத்தான் பாரு.

இப்ப விசயத்துக்கு வாறேன். மக என்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போவா. அவ உள்ள மேயுற வரைக்கும் வாசல் பக்கத்து ஸ்டூல்ல என்னை உக்கார வச்சிருவா. எனக்கு என்ன சோலி? கையில இந்த எச்.எம்.டி வாட்சு. சும்மா இருக்க முடியாம மணி பாத்தேன். ஒருநா ரெண்டுநா இல்லை, ஒரு மண்டலம் பாத்தேன்னு வச்சுக்கோ. ஒரு தாத்தா, பதிமூணு சாமான். பையை விரிச்சு வச்சிருக்காரு, ரூவாயை மடிச்சுக் கையில புடிச்சிருக்காரு. ரெண்டு நிமிசம்கூட ஆகலை, ஆளு வெளிய போயிட்டாரு. அடுத்து ஒரு இளவட்டம், ஒரே ஒரு சோப்பு. நாலரை நிமிசம்.

ஒரு சோப்புக்கு நாலரை நிமிசமான்னு வாயைப் பொளக்காதே. அந்தப் பிள்ளை தொகை சொன்ன பெறகுதான், கடைன்னா காசு குடுக்கணும்ங்கிற சங்கதியே அவனுக்கு ஞாபகம் வருது. செல்லை எடுக்கான். அதுல அதுவரைக்கும் ஓடிக்கிட்டிருந்த படத்தை நிறுத்த மனசு வரலை. பெறகு பூட்டைத் தெறக்கணும், கட்டத்தைப் படம் புடிக்கணும், ரகசிய நம்பர் போடணும், சக்கரம் சுத்தணும். "சிக்னல் இல்லை"ங்கான். செல்லைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, சாமி வந்தவன் மாதிரி நாலு திசைக்கும் திரும்புதான். நடுவுல அந்தப் பிள்ளை, "பாயின்ட்டு ஏத்தணுமா சார், போன் நம்பர் சொல்லுங்க"ன்னு கேக்கா. இவன் நம்பரு கெடையாதாம், பொண்டாட்டி நம்பராம். பொண்டாட்டி நம்பரு இவனுக்கு மனப்பாடம் இல்லை. அவளுக்குப் போன் போட்டுக் கேக்கான், மேல போட்ட சக்கரம் அந்து போச்சு. திரும்ப முதல்ல இருந்து.

2016-ல இந்த யூ.பி.ஐ. வந்தப்போ சில்லறைச் சண்டை தீந்துதுன்னுதான் எல்லாரும் நெனச்சோம். அதுக்கு முந்தி, ரெண்டு ரூவாய்க்கு மிட்டாயைத் திணிச்சுக்கிட்டிருந்தாகல்ல? மிட்டாய் போயி சக்கரம் வந்துச்சு. மிட்டாயாவது தின்னலாம்.

அதனாலதான் சொல்றேன், முன்னால நிக்கிறவன் கூடையை எண்ணாதே. கையைப் பாரு. ரூவாயோ அட்டையோ தெறந்த செல்லோ கையில இருக்கா, பை விரிஞ்சிருக்கா, அவன் பின்னால கண்ணை மூடிக்கிட்டு நில்லு, இருபது சாமான் இருந்தாலும் சரி. கையில ஒண்ணும் இல்லாம அண்ணாந்து விட்டத்தைப் பாக்கானா, ஒரு தீப்பெட்டிதான் வாங்குறான்னாலும் அடுத்த வரிசைக்கு ஓடிரு. சாமானு மிசின்ல 'டிங்கு'ன்னு ஒரு சத்தத்துல போயிரும். மனுசன் அப்பிடிப் போக மாட்டான்.

நீ படிச்ச படிப்புல இதுக்குக் கணக்கே இருக்காம்ல? டென்மார்க்குல எர்லாங்னு ஒருத்தரு, கோப்பன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில வேலை பாத்தவரு, 1909-லயே எழுதியிருக்காராம். எத்தனை பேரு எந்தெந்த நேரத்துல போன் பேச வருவாக, எத்தனை லைன் போட்டாத் தாங்கும்னு. உலகத்துல வரிசைக் கணக்குக்கெல்லாம் அவருதான் பாட்டனாம். பெரிய ஆளுதான். ஆனா பாரு, டெலிபோன் லைன்ல பொண்டாட்டி நம்பர் மறந்தவன் குறுக்க நிக்க மாட்டான். அவரு எங்க மில்லுக்கு ஒரு தீவாளிக்கு வந்திருந்தா இன்னும் ரெண்டு புஸ்தகம் எழுதியிருப்பாரு.

வித்தை கேட்டியே, சொல்றேன். என் கைவசம் இருக்கதுல தலையாய வித்தை ஒண்ணு. பதினஞ்சு சாமானோட ஒருத்தரு எனக்கு முன்னால நின்னா, பைய அவரு தோளைத் தொட்டு, "தம்பி, கண்ணாடியை வீட்ல விட்டுட்டு வந்துட்டேன், அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்"ம்பேன். அவரு வாசிக்கணும். சத்தமா வாசிக்கணும், ஏன்னா எனக்குக் காதும் கேக்காது. "பத்துப் பொருட்களுக்குள் மட்டும்." "எத்தனை தம்பி?" "பத்து தாத்தா." "பத்தா? என்கிட்ட மூணுதான் இருக்கு, நான் நிக்கலாமா தம்பி?" அவ்வளவுதான். தன் வாயால வாசிச்சதை மனுசனால முழுங்க முடியாது. பாதிப் பேரு கூடையைத் தூக்கிட்டுப் போயிருவாக.

மீதிப் பாதிக்குப் பலிக்காது, அதையும் சொல்லிர்றேன். ஒரு அம்மா, நல்லா வாசிச்சாக, பள்ளிக்கூடத்து டீச்சரு போல, ஏத்த இறக்கத்தோட வாசிச்சாக. வாசிச்சுட்டு, "பாவம் பெரியவருக்குப் படிக்கத் தெரியாது போல. வாங்கய்யா, நீங்க முன்னால போங்க"ன்னு கையைப் புடிச்சு இழுத்துத் தனக்கு முன்னால நிப்பாட்டினாக. தனக்கு முன்னால மட்டும் இல்லை, தனக்கு முன்னால நின்ன ரெண்டு பேருக்கும் முன்னால. அந்த ரெண்டு பேரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே! மேலத்தெருக்காரரு தூக்குவாளியோட நின்னாருல்ல, அன்னைக்கு அந்த வாளி என் கையில இருந்துச்சு. அவுக பதினெட்டுச் சாமானும் அங்ஙனயேதான் இருந்துச்சு, அசையவே இல்லை.

கூடையை மட்டும் வரிசையில வச்சுட்டு உள்ள போயி மேயுறவுக இருக்காகளே, அவுக மேல எனக்குக் கோவமே வராது. அதான் சொன்னேனே, டின்னு நின்னு பழகுன ஊரு நம்மளது. என்ன, எங்க ஊர்ல டின்னு நிக்கும்போது அரிசியும் டின்னுக்குள்ளயே இருக்கும். டின்னை வச்சுட்டு அரிசி அறுக்கப் போக மாட்டாக. அவுக திரும்பி வரும்போது நீ ஒண்ணும் பேசாதே. அவுக கூடையைக் காலால தள்ளி அவுகளுக்கு முந்தியே நகத்திக்கிட்டு வா, பிள்ளையைப் பாத்துக்கிட்ட மாதிரி. "உங்க கூடை அழாம இருந்துச்சுங்க"ன்னு ஒப்படை. ஒண்ணு அவுக வெக்கப்படுவாக, இல்லாட்டி அடுத்த வாரமும் உன்கிட்டயே விட்டுட்டுப் போவாக.

கவுண்டர்ல இருக்க பிள்ளையை மட்டும் எதுலயும் இழுக்காதே. நீ இன்னைக்கு அவளைப் பாத்து, "நீங்க கேக்க மாட்டீகளா?"ன்னு கத்தினே. அவ எப்பிடிக் கேப்பா? பதினாலு சாமான் வாங்குறவரு கோவிச்சுக்கிட்டுப் போனா அவ சம்பளத்துல மேனேஜர் கண்ணு போகும். உனக்குப் பரிஞ்சாலும் திட்டு, அவருக்குப் பரிஞ்சாலும் திட்டு. காலையில வந்து நிக்கிறவ ராத்திரி வரைக்கும் நிக்கா. 2021-ல நம்ம சட்டசபையில சட்டம் போட்டாக, கடையில வேலை பாக்குறவுகளுக்கு உக்கார இடம் குடுத்தே ஆகணும்னு. ஸ்டூலு என்னவோ அவ பின்னால கெடக்கத்தான் செய்யுது. ஒருநா அவ உக்காந்து பில்லு போட்டா. வரிசையில ஒருத்தரு, "இதுக்குத்தான் லேட்டாகுது"ன்னாரு. எந்திரிச்சுட்டா. சட்டம் அந்த ஸ்டூல் மேல தனியா உக்காந்திருக்கு. நான் வாட்சு வச்சுப் பாத்தவன்லா, உக்காந்து போட்டாலும் நின்னு போட்டாலும் அவ கை வேகம் ஒண்ணுதான்.

சரி, எப்பிடித் தெரியும்னு கேட்டுக்கிட்டே இருந்தியே. உனக்கு ரெண்டு ஆளு பின்னால நின்னேன். பெருங்காய டப்பா ஒண்ணு வாங்க அத்தை அனுப்பிச்சா. நீ என்னைப் பாக்கலை. காதுல பஞ்சு வச்ச மாதிரி ஒண்ணு, கண்ணுல செல்லு. வாட்சும் என் கையிலதான் இருந்துச்சு, கோவிச்சுக்காதே. கட்டம்போட்ட சட்டை, பதினாலு சாமான், ஒரு நிமிசம் அம்பது செகண்டு. நீங்க ரெண்டு பேரும் அப்பனாத்தாளைக் கூப்பிட்டுப் பேசுன நேரத்தைக் கழிச்சுட்டுச் சொல்றேன், அது தனி மூணு நிமிசம்.

உனக்கு ஏழு சாமான். ஆறு நிமிசம்.

முழிக்காதே. வெங்காயம் எடுத்தியே, எடை போட்டு ஸ்டிக்கரு ஒட்டினியா? காய்கறிக்கிட்ட ஒரு பையன் தராசோட நிக்கான்ல, அது உனக்குக் கண்ணுல படலை. சோப்புல கோடு கோடாப் போட்டிருக்கானே, அதை மிசினு வாசிக்கும். 1974 ஜூன் 26-ந்தேதி அமெரிக்காவுல ஒகையோவுல டிராய்ங்கிற ஊர்க் கடையில மொதமொதல்ல ஒரு சூயிங்கம் பாக்கெட்டை அப்பிடி வாசிச்சுதாம் மிசினு, 67 சென்ட்டு. அன்னைக்கு இருந்து உலகம் பூராவும் 'டிங்கு'தான். நம்ம ஊரு கம்பெனி வாங்குற நம்பரு 890ன்னு ஆரம்பிக்குமாம், பேத்தி சொன்னா. வெங்காயம் 890 போட்டுக்கிட்டா வெளையுது? ஒரு பையன் உன் வெங்காயத்தை எடுத்துக்கிட்டுத் தராசுக்கு ஓடினான். அங்க ஒரு வரிசை. உன் பின்னால நின்ன பொம்பளை, "பதினாலு வச்சவரே தேவலை"ன்னா. உன் காதுல விழல. விழுந்திருந்தா அவுக வீட்டு அப்பனாத்தாளும் வந்திருப்பாக. நீ என்ன பண்ணினே? "வெங்காயமே வேண்டாம், விடுங்க"ன்னே. அதுக்குள்ள பையன் ஸ்டிக்கரோட வந்து, அதை அந்தப் பிள்ளை பில்லுல ஏத்திட்டா. ஏத்துனதை இறக்க அவளால முடியாது, சாவி வச்சிருக்க சூப்பர்வைசர் வரணும். அவரு சாப்பிடப் போயிருந்தாரு. வந்தாரு, வாயைத் துடைச்சுக்கிட்டே வந்தாரு. இறக்குனாரு. அப்புறம் உன் செல்லுல சக்கரம் சுத்துச்சு. அப்புறம் பை கொண்டு வரலைன்னு பை ஒண்ணு வாங்கினே, அதுக்குத் தனியா ஒரு தடவை சக்கரம் சுத்துச்சு.

என் கதையையும் கேட்டுக்கோ, பிறகு மாமன் மறைச்சுட்டான்னு சொல்லுவே. பெருங்காயத்துக்கு நான் பத்து ரூவாக் காசாக் குடுத்தேன். இந்தப் பக்கத்துல எவனும் அதை வாங்க மாட்டேங்கான்ல, டப்பா நிறையச் சேந்து கெடக்கு. 14 டிசைன்ல இருக்கு, அம்புட்டும் செல்லும்னு ரிசர்வ் பேங்க் 2018-லயே அறிக்கை விட்டாச்சு. அதை அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னேன். அவ எண்ணினா. நான் ஒரு தடவை எண்ணிக்கிறேன்னு வாங்கி எண்ணினேன். எனக்கு மூணே கால் நிமிசம். பின்னால எவனோ ஒருத்தன், "கெழவனை எவன்டா இந்த வரிசையில விட்டது?"ன்னான். நான் காது கேக்காத மாதிரி நின்னுட்டேன். அதுக்குத்தான் அந்தக் காதை வச்சிருக்கேன்.

நீ பார்க்கிங்ல வண்டியை எடுத்து, ஒன்வேயில சுத்தி, சிக்னல்ல நின்னு வாறதுக்குள்ள நான் சந்து வழியா நடந்து வந்துட்டேன். அந்த மஞ்சப்பையை எடு. ஆமா, கட்டில் கால்ல மாட்டியிருக்கே, அதுதான். உள்ள பாரு. அரைக் கிலோ வெங்காயம், ஸ்டிக்கரு ஒட்டி. நீ விட்டுட்டு வந்ததேதான். வெறுங்கையோட வீட்டுக்குப் போயி உன் வீட்டுக்காரிகிட்ட என்ன சொல்லுவே, கட்டம்போட்ட சட்டைன்னா?

இருபத்தொரு ரூவா எனக்கு நீ தரணும். செல்லுல அனுப்பிராதே, எனக்கு அது பாக்கத் தெரியாது. காசாக் குடு. பத்து ரூவாக் காசு ரெண்டு இருந்தா இன்னும் நல்லது, நாளைக்கு அத்தை பெருஞ்சீரகம் வாங்கச் சொல்லியிருக்கா.